கந்தக பூமியின் பெண்களும் 159 சென்டிமீட்டரும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், காவலர் தேர்வில் கேட்கப்படும் உடல் தகுதியும் பெண்களின் சம உரிமையும். சென்னையிலோ மதுரையிலோ பேச வேண்டியதை விருதுநகரில் வந்து பேசுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். இதை விருதுநகரில்தான் பேச வேண்டும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பெண்பிள்ளை பள்ளிப்படிப்பை முடித்ததும் அவள் முன்னால் எத்தனை கதவுகள் இருக்கின்றன? பட்டாசு ஆலை இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது. அச்சகம் இருக்கிறது. இவற்றுக்கு வெளியே, மாதச் சம்பளமும் மரியாதையும் தரும் வேலை என்று அவள் கண்ணுக்குத் தெரிவது காக்கிச் சட்டை. அந்தக் கதவில் ஓர் அளவுகோல் தொங்குகிறது. அந்த அளவுகோலைப் பற்றித்தான் என் பேச்சு.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆணுக்கு 170 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் என்றால் 167. பெண்ணுக்கு 159. அதே பிரிவுகளைச் சேர்ந்த பெண்ணுக்கு 157. ஆணுக்கு மார்பளவு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்துப் பிடித்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். ஆண் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். அதற்கு மேல் ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், தாண்டுதல், ஓட்டம். பெண்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், ஓட்டம். "ஒரு ஸ்டார் எடுத்தேன், ரெண்டு ஸ்டார் எடுத்தேன்" என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது இந்தப் போட்டிகளில் கிடைக்கும் மதிப்பெண்ணைத்தான்.

இந்தப் பட்டியலில் இரண்டு வகை இருப்பதைக் கவனியுங்கள். ஓட்டம் பயிற்சியில் வரும். கயிறு பயிற்சியில் வரும். குண்டு எறிவது ஆறு மாதம் அதிகாலையில் எழுந்தால் வரும். உயரம்? எந்த மைதானத்தில் ஓடினால் உயரம் வரும்? முயற்சியைச் சோதிப்பது ஒரு வகை, பிறப்பையும் பிள்ளைப் பருவத்துச் சாப்பாட்டையும் சோதிப்பது இன்னொரு வகை. இந்த இரண்டையும் ஒரே பெயரில், உடல் தகுதி என்ற பெயரில், சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறோம்.

அளக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். விடியுமுன்பே வரிசை நிற்கும். சடையைப் பின்னிக் கொண்டை போட்டிருந்தால் அவிழ்க்கச் சொல்வார்கள். செருப்பைக் கழற்றி, குதிகாலைப் பின்னால் ஒட்டி, முழங்காலை நிமிர்த்தி, தாடையை நேராக வைத்து நிற்க வேண்டும். மேலிருந்து ஒரு தட்டு இறங்கி உச்சந்தலையைத் தொடும். எழுதுகிறவர் எண்ணைச் சத்தமாகப் படிப்பார். 159 என்றால் அந்தப் பக்கம் போ. 158.5 என்றால் இந்தப் பக்கம் போ. மனித உடல் காலையில் எழுந்தபோது இருப்பதைவிட மாலையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைகிறது. நாள் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அமுங்குவதால் அப்படி ஆகிறது. பிள்ளைகளுக்கு இது தெரியும். அதனால்தான் முதல் நாள் முழுவதும் படுத்தே கிடக்கிறார்கள், கம்பியில் தொங்குகிறார்கள். பக்கத்து ஊரிலிருந்து படுத்து உறங்கி வந்தவளுக்குக் கிடைக்கும் அரை சென்டிமீட்டர், இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து வந்தவளுக்குக் கிடைப்பதில்லை. அந்த அரை சென்டிமீட்டருக்காக, மறுபடியும் அளக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறியவர்கள் நம் மாநிலத்தில் உண்டு.

படியேறியவர்களாவது கணக்கில் வருவார்கள். "நீ குட்டையாக இருக்கிறாய், உனக்கெதற்கு இந்த ஆசை" என்று வீட்டிலேயே சொல்லக் கேட்டு, விண்ணப்பமே போடாமல் விட்டவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

"பெண்களுக்குத்தான் 11 சென்டிமீட்டர் சலுகை கொடுத்திருக்கிறார்களே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேசிய குடும்ப நல ஆய்வு இந்தியர்களின் உயரத்தை அளந்து வைத்திருக்கிறது. வயது வந்த இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர். ஆணின் சராசரி சுமார் 165. இடைவெளி 13. சலுகை 11. அதாவது, ஆணிடம் சராசரியைவிட 5 சென்டிமீட்டர் கூடுதலாகக் கேட்கிற விதி, பெண்ணிடம் 7 சென்டிமீட்டர் கூடுதலாகக் கேட்கிறது. சலுகை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் பெண்ணுக்கு இன்னும் கண் நெருங்கிய சல்லடை. இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று சொல்கிறேன்.

இந்த உயரம் எங்கிருந்து வருகிறது? தாய் தந்தையிடமிருந்து வருகிறது, உண்மை. ஆனால் அது மட்டுமா? கருவில் இருக்கும்போது தாய் என்ன சாப்பிட்டாள், ஐந்து வயதுக்குள் பிள்ளை என்ன சாப்பிட்டது, எத்தனை முறை வயிற்றுப்போக்கில் கிடந்தது என்பதிலிருந்தும் வருகிறது. இந்த மாவட்டத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. 1980-களில், 90-களில், விடிவதற்கு முன்பே கிராமம் கிராமமாக வண்டி வந்து குழந்தைகளை அள்ளிக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன கதை இங்கே இருப்பவர்களில் பலருக்குச் சொந்த அனுபவம். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அன்று எட்டு வயதில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த சிறுமி இன்று தாய். அவள் மகள்தான் இன்று அளவுகோலுக்குக் கீழே நிற்கிறாள். தாயின் பசியை மகளின் உயரத்தில் அளந்துவிட்டு, "தகுதி இல்லை" என்று எழுதுகிறோம்.

பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வரக்கூடாது என்று 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்த காமராசர் பிறந்த ஊர் இது. உயரத்துக்கும் உணவுக்கும் உள்ள உறவை இந்த ஊருக்கு நான் கற்பிக்க முடியாது.

வாரியத்தின் விதியே இதை ஒப்புக்கொள்கிறது. ஒடுக்கப்பட்ட சமூகத்து ஆணுக்கு 3 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 2 சென்டிமீட்டர் எதற்காகக் குறைத்தார்கள்? உயரம் என்பது வேலைக்கு இன்றியமையாத ஒன்று என்றால் ஒரு மில்லிமீட்டரும் குறைத்திருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக யாருக்குச் சோறு மறுக்கப்பட்டது என்பது உயரத்தில் தெரியும் என்று அரசுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் குறைத்தது. அந்த நியாயத்தை ஏன் பாதி வழியில் நிறுத்த வேண்டும்?

இன்னொன்றையும் சொல்கிறேன். இந்தத் தேர்வில் பெண்களுக்கான இடங்களில் 3 விழுக்காடு ஆதரவற்ற விதவைகளுக்கு என்று ஒதுக்கப்படுகிறது. வயதிலும் அவர்களுக்குத் தளர்வு உண்டு. நல்ல ஏற்பாடு, கைகூப்பி வரவேற்க வேண்டிய ஏற்பாடு. வெடி விபத்தில் கணவனைப் பறிகொடுத்த இளம்பெண்கள் இந்தப் பட்டாசு வட்டாரத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வயதைத் தளர்த்தி, இடத்தை ஒதுக்கி, அவளை வாசல்வரை கூட்டிவந்துவிட்டு, கடைசியில் தலைக்கு மேல் அந்தத் தட்டை இறக்குகிறோம்.

இனி, கடல் கடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். கிரீஸ் நாட்டில் 2003 வரை காவலர் பள்ளியில் சேர ஆணுக்கு 170 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 165 என்று இருந்தது. பிறகு சமத்துவம் என்ற பெயரில் இருபாலருக்கும் 170 என்று ஒரே கோடு போட்டார்கள். ஒரே கோடு, ஒரே விதி; கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! மரியா எலெனி கல்லிரி என்ற பெண் விண்ணப்பித்தார். அவர் உயரம் 168. இரண்டு சென்டிமீட்டர் குறைவு என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்வரை போனது. 2017 அக்டோபர் 18 அன்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் என்ன சொன்னது? இந்த விதி ஆண்களைவிட மிக அதிகமான பெண்களை வெளியே தள்ளுகிறது. ஆகவே இது மறைமுகப் பாகுபாடு. போக்குவரத்தைச் சீர்செய்வது, மக்களுக்கு உதவுவது போன்ற காவல் பணிகள் பலவற்றுக்குப் பெரிய உடல் வலு தேவையே இல்லை. வலு தேவைப்படும் பணிகளுக்கும், உயரம் இருந்தால்தான் வலு இருக்கும் என்று சொல்ல முடியாது. வலு வேண்டுமா, வலுவைச் சோதித்துப் பாருங்கள்.

இது புதிய சிந்தனை அல்ல. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1977-இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலச் சிறைக்காவலர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. 5 அடி 2 அங்குலம் உயரமும் 120 பவுண்டு எடையும் வேண்டும் என்பது அங்கிருந்த விதி. அந்த உயரக் கோடு மட்டுமே நூற்றுக்கு 33 பெண்களைத் தள்ளியது. ஆண்களில் நூற்றுக்கு ஒருவரைத்தான் தள்ளியது. வலுதான் வேண்டும் என்றால் அதை நேரடியாகச் சோதிக்கும் தேர்வை வையுங்கள் என்று நீதிபதிகள் எழுதினார்கள். நம் நாட்டிலும் 2023 ஆகஸ்டில், வனக்காவலர் தேர்வுக்கு வந்த பெண்களின் மார்பளவை எடுக்கும் வழக்கத்தை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்று கண்டித்தது.

நம் சென்னை உயர் நீதிமன்றம் மட்டும் சளைத்ததா? சேலத்துப் பிரித்திகா யாஷினி, சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு விண்ணப்பித்த திருநங்கை. விண்ணப்பத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டங்கள் இருந்த காலம். நிராகரிக்கப்பட்டார், வழக்காடினார். 100 மீட்டர் ஓட்டத்தில் குறித்த நேரத்தைவிட ஒரு வினாடிக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொண்டார் என்ற பேச்சும் வந்தது. 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். 2017-இல் தருமபுரியில் பணியில் சேர்ந்தார். விதி மாறாது, மாறக்கூடாது என்று சொன்னவர்கள் முன்னால் விதி மாறியது. காவல்துறை குலைந்துபோய்விட்டதா?

சரி, காவலர் வேலை என்றால் என்ன? இந்தக் கேள்வியை இந்த மண்ணில் வைத்தே கேட்போம். 2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி. பட்டாசு ஆலையில் தீப்பிடிக்கிறது. சுற்றுப்புறத்து மக்கள் காப்பாற்ற ஓடுகிறார்கள், பார்க்க ஓடுகிறார்கள். அப்போது மருந்து இருந்த அறை வெடிக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர்; உதவ ஓடி வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். அங்கும் பட்டாசு ஆலை வெடித்துப் பெண்கள் உட்பட ஏராளமானோர் மாண்டார்கள்.

இப்படியொரு இடத்தில் காவலர் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன? கூட்டத்தைத் தடுத்து நிறுத்துவது. "இன்னொரு அறை வெடிக்கும், போகாதீர்கள்" என்று ஊர்க்காரர் நம்பும்படி சொல்வது. அடுத்த வேலை, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று கண்டறிவது. உள்குத்தகைக்கு விட்ட ஆலை என்றால் பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கை ஒன்று, உள்ளே இருந்தவர்கள் எண்ணிக்கை வேறு. அதைச் சொல்லக்கூடியவர்கள் யார்? சரம் பின்னிய பெண்கள், திரி வைத்த பெண்கள், குழாய் சுருட்டிய பெண்கள். அவர்கள் அழுதுகொண்டே சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். பிறகு அரசு மருத்துவமனை. கருகிய உடல்களில் பெண்களின் உடல்களைக் கண்டறிய வேண்டும். தோடு, வளையல், சேலையின் கரை, காலில் மெட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, தாயிடமும் தங்கையிடமும் கேட்க வேண்டும். அதற்கு மனம் உறுதியாக இருக்க வேண்டும், நா தழுதழுக்காமல் இருக்க வேண்டும், அந்த வட்டாரத்துப் பேச்சு தெரிந்திருக்க வேண்டும். இதில் எந்த வேலைக்கு 159 சென்டிமீட்டர் தேவைப்படுகிறது? எனக்குச் சொல்லுங்கள்.

வெடி ஆலையில் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளைக்கு, எந்த அறையில் மருந்து கலப்பார்கள், எந்த அறையில் காய வைப்பார்கள், எங்கே நிற்கக் கூடாது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவைத் தேர்வில் எந்த ஸ்டாரும் அளப்பதில்லை.

சட்டமோ பெண் காவலர் வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறது. பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டுமானால் பெண்தான் சோதிக்க வேண்டும். பொழுது சாய்ந்தபின் பெண்ணைக் கைது செய்வதானால் பெண் அதிகாரி வேண்டும், நீதித்துறை நடுவரின் அனுமதியும் வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரி பதிய வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதைச் சொன்னது, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த சட்டமும் இதைச் சொல்கிறது. நாடு முழுவதும் காவல்துறையில் பெண்கள் எவ்வளவு? ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. தமிழ்நாடு பரவாயில்லை, ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்திருக்கிறது. 1973-இல் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, 20 காவலர்கள் என்று 22 பெண்களோடு தொடங்கிய பயணம் இது. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. 2010-இல் லத்திகா சரண் காவல்துறைத் தலைவரானார். பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். ஆனால் சட்டம் ஒரு கையால் பெண் காவலரைக் கேட்கும்போது, விதி இன்னொரு கையால் பெண்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் நேர்மையாக எடுத்து வைக்கிறேன். உயரத்தை அளப்பது சுலபம், செலவில்லை, சிபாரிசு நுழைய முடியாது, லட்சக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது வேறெப்படி வடிகட்டுவது என்கிறார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சிபாரிசு நுழையாத தேர்வுதான் பாதுகாப்பு. ஆனால் ஓட்டத்துக்கும் கடிகாரம் இருக்கிறதே? கடிகாரம் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்குமா? எடையுள்ள ஒரு பொம்மையை 20 மீட்டர் இழுத்துப் போகச் சொல்லுங்கள். காயம்பட்டவரைத் தூக்கச் சொல்லுங்கள். சுவர் ஏறச் சொல்லுங்கள். அதையும் நேரம் வைத்து அளக்கலாம், படம் எடுத்து வைக்கலாம். இன்னும் கடுமையாகவே வையுங்கள். 400 மீட்டர் போதாது, 800 வேண்டும் என்றால் 800 வையுங்கள். நம் பெண்கள் ஓடுவார்கள். வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படுவதைக் கேட்டால், அது எவ்வளவு கடினமானாலும், நான் எதிர்க்க மாட்டேன்.

"கம்பீரம் வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். கலவரக் கூட்டத்தை அடக்கியது உயரமா, பயிற்சியா என்று ஓய்வுபெற்ற ஏட்டு யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

உயரத் தட்டைத் தாண்டிவிட்ட பெண்ணுக்கும் எல்லாக் கதவும் திறந்துவிடுகிறதா? இல்லை. 2023-இல் வந்த அறிவிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,359 இடங்கள். அதில் சிறப்புக் காவல்படைக்கு 1,819 இடங்கள், முழுவதும் ஆண்களுக்கு. தீயணைப்பாளர் 674 இடங்கள், முழுவதும் ஆண்களுக்கு. சிறப்புக் காவல்படையின் 11-ஆவது அணி எங்கே இருக்கிறது? இதே மாவட்டத்தில், ராஜபாளையத்தில். அரசுப் பணிகளில் பெண்களுக்கு 1989-இல் 30 விழுக்காடு வந்தது, அதை 40 ஆக உயர்த்துவதாக 2021-இல் அறிவித்தார்கள். கதவே திறக்காத அறையில் 40 விழுக்காடு என்ன செய்யும்?

தீயணைப்பைப் பற்றி மட்டும் இன்னும் இரண்டு வார்த்தை. நாடே அறிந்த தீ விபத்துகளின் மாவட்டம் நம்முடையது. தீயில் சிக்குகிறவர்களில் பெரும்பங்கு பெண்கள். தீக்குள் இறங்கிக் காப்பாற்ற வருகிற வண்டியில் தீயணைப்பாளராக ஒரு பெண்ணும் இல்லை. பெண்ணால் முடியாது என்றா? 2003-இல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தில் தீப்பிடித்தபோது பிரியா உள்ளே இறங்கினார், பலத்த தீக்காயம் பட்டார், மீண்டும் பணிக்கு வந்தார். அதிகாரியாகப் பெண் தீக்குள் இறங்கலாம். தீயணைப்பாளராக ஒரு சிவகாசிப் பெண் இறங்கக் கூடாதா?

அதனால் நாம் கேட்பது மூன்று. உயரத்தால் மட்டும் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று மாவட்டவாரியாக வாரியம் வெளியிட வேண்டும். உயரக் கோட்டின் இடத்தில் காவலர் வேலையிலிருந்தே எடுத்த உடல்திறன் தேர்வை வைக்க வேண்டும். அதுவரை பெண்களுக்கான கோட்டை, ஆண்களுக்கு வைத்திருப்பதைப் போலச் சராசரிக்கு 5 சென்டிமீட்டர் மேலே, 157-இல் நிறுத்த வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்ணுக்கு அதிலிருந்து 3 சென்டிமீட்டர் குறைத்து 154 ஆக்க வேண்டும். சிறப்புக் காவல்படைக்கும் தீயணைப்புக்கும் பெண்கள் விண்ணப்பிக்க வழி செய்ய வேண்டும்.

இந்த மூன்றையும் எழுதிய மனு அரங்க வாசலில் மேசைமேல் இருக்கிறது. அவசரப்படாமல் வாசித்துப் பாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள், அதையும் சேர்த்தே அனுப்புவோம். உடன்பாடு இருந்தால் கையெழுத்திடுங்கள். உயரம் போதாது என்று திரும்பி வந்த தங்கைகள் யாராவது இங்கே இருந்தால், பெயரைப் போட வேண்டாம். எந்த ஆண்டு, எத்தனை சென்டிமீட்டர் குறைவு என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். அடுத்த அறிவிக்கை வருவதற்கு முன்பே அது சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும்.